"95 அடியுங்கோ": ஓர் இலக்கத்துக்கு நாங்கள் கட்டும் தண்டம்

பெற்றோல் செட்டில் இரண்டு பம்புகள். ஒன்றில் 92, மற்றதில் 95. இடையில் இருப்பது வெறும் மூன்று. இந்த மூன்றைச் சுற்றி எங்கட ஊர்களில் ஒரு சமயமே வளர்ந்து நிற்கிறது. 95 அடித்தால் பைக் 'ஸ்மூத்'. 95 அடித்தால் இழுவை கூட. 95 அடித்தால் இஞ்சின் பத்து வருசம் கூட நிற்கும். 92 வெறும் தண்ணி, 92 கஞ்சனுக்கு. இதைச் சொல்லாத மாமா இல்லை, கராஜ் இல்லை, கம்பஸ் வாசலில் பைக்கில் சாய்ந்து நிற்கிற சீனியர் இல்லை.

நாங்கள் சொல்ல வருவது நேரானது. நீங்கள் ஓட்டுவது 100, 110, 125, 150 சிசி பைக்கோ ஸ்கூட்டரோ என்றால், அதன் கையேடு வேறு விதமாகக் கேட்காத வரைக்கும், 95 அடிப்பது காசை எரிப்பது. பைக்குக்கு ஒரு நன்மையும் இல்லை. நன்மை வேறு யாருக்கோ. மாசக் கடைசியில் தாங்கியை ஆட்டிப் பார்த்துச் சத்தத்தில் பெற்றோல் அளக்கிற பெடியளும் பெட்டையளும்தான் இந்தத் தண்டத்தைக் கட்டுகிறார்கள் என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

"கலைப்பீடத்துக்காரருக்கு இஞ்சினைப் பற்றி என்ன கதை?" என்று கேட்பவர்கள் கேட்கலாம். இஞ்சின் கழற்றத் தெரிந்தவர்கள் இத்தனை வருசமாக இதைச் சொல்லாமல் இருந்தபடியால் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த இலக்கம் என்ன என்று பார்ப்போம். சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே வந்து அமுக்குகிறது. அமுக்கினால் சூடு ஏறும். சரியான நேரத்தில் பிளக் பொறி விட, நெருப்பு அங்கிருந்து ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். சில நேரம் அந்த நெருப்பு போய்ச் சேர முன்னமே, மூலையில் கிடக்கிற மிச்சக் கலவை சூடும் அமுக்கமும் தாங்காமல் தானாக வெடித்துவிடும். அதுதான் நொக்கிங். பாரத்தோடு மேட்டில் ஏறும்போது இஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்கும். அது நீடித்தால் பிஸ்டனுக்குக் கேடு. உண்மை.

எரிபொருள் இந்தத் தானாக வெடிக்கும் குணத்தை எவ்வளவு தூரம் அடக்கி வைத்திருக்கும் என்பதை மட்டும்தான் ஒக்டேன் இலக்கம் சொல்கிறது. ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், இலகுவில் வெடித்துவிடுகிற ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டு, ஒரு சோதனை இஞ்சினில் ஓட்டி அளக்கிறார்கள். 92 என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும். அவ்வளவுதான் கதை. அந்த இலக்கத்தில் பலம் இல்லை, சுத்தம் இல்லை. 95 என்பதற்காக ஒரு லீற்றருக்குள் கூடுதலாகச் சக்தி அடைந்து கிடக்கவும் இல்லை. ஆறடி மனிசன் போய்வருகிற வீட்டுக்குப் பத்தடி உயரத்தில் கதவு வைத்தால் அவர் கெதியாக உள்ளே வரப்போவதில்லை. தலை இடிக்காமல் இருந்தால் காணும். 92 என்பது எங்கட பெரும்பாலான பைக்குகளுக்குத் தலை இடிக்காத கதவு.

இதை நாங்கள் எதை வைத்துச் சொல்கிறோம்? இங்கே வீதியில் ஓடுகிற பல்சர், டிஸ்கவர், ஸ்பிளென்டர், டியோ, அப்பாச்சி, எஃப்ஸி எல்லாம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவை. இந்தியச் சந்தைக்கு, இந்தியப் பெற்றோலுக்கு என்று வடிவமைக்கப்பட்டவை. எதனோல் 20 வீதம் கலந்த பெற்றோல் அங்கே பரவுவதற்கு முன்பு, சாதாரணப் பெற்றோலுக்கு இந்தியத் தரம் கேட்ட ஆகக்குறைந்த ஒக்டேன் 91. அதாவது உங்கள் பைக் பிறந்த இடத்தில் அது குடித்து வளர்ந்தது 91. இங்கே ஆகக் குறைந்த பம்பில் வருவதே 92. பிறந்த வீட்டுச் சாப்பாட்டை விட ஒரு படி மேலானதை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதுக்கு மேலேயும் 'பாவம் பைக்' என்று ஏன் அழுகிறோம் என்று விளங்கவில்லை.

கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதற்கு அமுக்க விகிதம் என்று பெயர். இந்த வகை பைக்குகளில் அது பெரும்பாலும் 9க்கும் 10க்கும் இடையில்தான். சின்னச் சிலிண்டர் என்பதால் நெருப்பு ஓட வேண்டிய தூரமும் குறைவு. மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடிக்க அவகாசம் கிடைப்பதில்லை. இன்னொரு விசயமும் இருக்கிறது. விலை கூடிய கார்களில் நொக்கிங்கை உணர்கிற ஒரு சென்சர் இருக்கும். நல்ல ஒக்டேன் கிடைத்தால் கார் அதை அறிந்து பொறி விடும் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, கொஞ்சம் கூடுதலாக வேலை வாங்கும். அங்கே 95க்கு ஒரு அர்த்தம் இருக்கலாம். எங்கட சாதாரண பைக்குகளில் அந்தச் சென்சர் இல்லை. அதன் பொறி நேரம் தொழிற்சாலையில் எழுதி வைத்தபடிதான். நீங்கள் 95 ஊற்றினீர்களா 92 ஊற்றினீர்களா என்று அந்த இஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் பர்ஸுக்கு மட்டும் தெரியும்.

பர்ஸ் என்றதும் கணக்குக்கு வருவோம். 2021 டிசம்பரில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் லீற்றர் 177 ரூபா, 95 ஒக்டேன் 207 ரூபா. ஆறு மாசம் கழித்து, 2022 ஜூன் கடைசியில், 92 வந்து நின்றது 470இல், 95 வந்து நின்றது 550இல். முதலாவதில் இடைவெளி 30 ரூபா, இரண்டாவதில் 80 ரூபா. வீதமாகப் பார்த்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட 17. இடைப்பட்ட மாதங்களில் அது குறைந்திருந்தாலும், கடைசியில் அதே 17 வீதத்துக்கே வந்து நின்றது. இப்போது விலைகள் மாதாமாதம் மாறுகின்றன, இடைவெளி கூடுகிறது, குறைகிறது. செட்டுக்கு முன்னால் உள்ள பலகையைப் பார்த்து நீங்களே கழித்து வகுத்துக்கொள்ளலாம்.

17 வீதம் கூடக் கொடுத்தால் 17 வீதம் கூட ஓட வேண்டும். 92இல் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுகிற பைக், 95இல் ஏறத்தாழ 53 ஓடினால்தான் கணக்குச் சரி. அப்படி ஓடியதாக யாராவது தாங்கி நிரப்பி, மீற்றர் குறித்து, மறுபடி நிரப்பிக் காட்டட்டும். 'நல்லா இழுக்குது' என்ற பதில் வேண்டாம். இலக்கம் வேண்டும். இலக்கத்தை நம்பித்தானே 95 அடிக்கிறீர்கள்?

இடைவெளி 50 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 5 லீற்றர் அடிக்கிற ஒருவருக்கு அது 250 ரூபா. வருசத்துக்கு 13,000. மஹாபொலவில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அது என்ன காசு என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. சாப்பாடு டெலிவரி செய்கிற பெடியள் நாள் முழுக்க ஓடுகிறார்கள், அவர்களுக்கு இது இன்னும் எத்தனை மடங்கு. அந்தக் காசுக்கு நேரத்துக்கு ஒயில் மாற்றலாம், எயார் பில்டர் மாற்றலாம், செயின் மாற்றலாம். எங்களுக்கு மிகவும் எரிச்சல் தருவது, பின் ரயர் சப்பையாகத் தேய்ந்து நூல் தெரிகிற பைக்கில் 95 அடிக்கிற காட்சி. மழைக்குள் அந்த ரயர் வழுக்கும்போது தாங்கிக்குள் இருக்கிற ஒக்டேன் வந்து பிடிக்காது.

"இல்லை, நான் அடிச்சுப் பார்த்தனான், வித்தியாசம் தெரியுது." இந்தப் பதிலைச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரிகிறது. கூடக் காசு கொடுத்த பொருள் கூட நல்லது என்று மனம் முடிவெடுத்துவிடும், காது அதற்கேற்றபடி கேட்கும். சேர்விஸ் செய்து கழுவி எடுத்த பைக் கூடத்தான் 'ஸ்மூத்தா' ஓடுகிற மாதிரி இருக்கும். கழுவியதால் இஞ்சினுக்கு என்ன வந்தது? 95 அடிக்கிற அன்றைக்குத் தாங்கி நிறைய அடிப்போம், நல்ல மனநிலையில் இருப்போம், கொஞ்சம் கவனமாக ஓட்டுவோம். அதையெல்லாம் ஒக்டேனின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இன்னொரு கூட்டம் பாதி 92, பாதி 95 அடிக்கும். கலந்தால் கிட்டத்தட்ட 93.5 வரும். பைக்குக்கு அதனால் கேடும் இல்லை, லாபமும் இல்லை. நேர்த்திக்கடனில் பாதியைக் கட்டிய திருப்தி மட்டும் மிச்சம்.

மறுபக்கத்து விசர்க்கதையையும் சொல்லிவிட வேண்டும். 95 அடித்தால் இஞ்சின் கொதித்து வால்வு எரியும் என்று பயமுறுத்துகிற ஆட்களும் இருக்கிறார்கள். அதுவும் பிழை. 95 உங்கள் பைக்கை ஒன்றும் செய்யாது. கெடுக்கவும் செய்யாது, திருத்தவும் செய்யாது.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்கிறது? எங்களுக்குத் தெரிந்த வரையில் இதில் வெட்கம் பாதி, பயம் பாதி.

வெட்கத்தைப் பாருங்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கிற வரிசையில் "95, புல் டாங்க்" என்று சொல்கிற குரலும், "ஐந்நூறுக்கு 92" என்று சொல்கிற குரலும் ஒரே சத்தத்தில் வருவதில்லை. முதலாவது எல்லாருக்கும் கேட்க வரும். இரண்டாவது பம்ப் அடிக்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி வரும். பைக் என்பது எங்கட பெடியளுக்குப் போக்குவரத்துச் சாமான் மட்டும் இல்லை, அது ஆம்பிளைத்தனத்தின் அடையாள அட்டை. அதற்கு மலிவானதை ஊற்றுவது தன்னையே மலிவாக்குவது போல. பெண்களுக்கு இது வேறு மாதிரி வரும். ஸ்கூட்டியோடு செட்டுக்குள் போகிற பெண்ணுக்குப் புத்தி சொல்ல அங்கே நிற்கிற எல்லாருக்கும் உரிமை இருக்கிறது. "பிள்ளை, ஸ்கூட்டிக்கு 95 அடிக்க வேணும், இல்லாட்டிப் பழுதாகும்." எங்களில் ஒருத்தி "ஏன் அண்ணை?" என்று திருப்பிக் கேட்டாள். "அது அப்படித்தான் பிள்ளை" என்பதுதான் முழு விளக்கம். தன் காசு, தன் வண்டி, தன் தாங்கி. ஆனால் அதற்குள் என்ன போக வேண்டும் என்பதை முன்பின் தெரியாத ஒரு மாமா முடிவெடுக்கிறார்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நாங்கள் கேலி செய்யமாட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். மோட்டார் சைக்கிள் மறுபடி வருவதற்கு 2025 பெப்ரவரி ஆனது. இந்த ஐந்து வருசத்தில் பழைய பைக்கின் விலை பொன் விலை ஆனது. வீட்டில் நகை வைத்து ஒரு செக்கன்ஹான்ட் பல்சர் வாங்கியவருக்கு அந்த இஞ்சின் பழுதானால் இன்னொன்று இல்லை. பிறகு 2022 வந்தது. கிலோமீற்றர் கணக்கில் வரிசை. ஜூலையில் கியூஆர், பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கிடைத்ததை அடித்தோம். சில செட்டுகளில் 92 முடிந்து 95 மட்டும் இருந்தது, வேறு வழியில்லாமல் அதையே அடித்தவர்கள் ஏராளம். அந்தத் தட்டுப்பாட்டின் பயம் இன்னும் எங்கள் உடம்பில் இருக்கிறது. பயந்தவரிடம் 'பாதுகாப்பு' என்று சொல்லி எதையும் விற்கலாம். 'கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, பைக் நல்லா இருக்கட்டும்' என்று வாங்கிப்போகிறவரின் அந்தக் கொஞ்சத்தில்தான் வியாபாரம்.

வடக்கில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரவேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் என்பது கண்ணால் காணாத சாமான். அப்போது எங்கட அப்பாமார், மாமாமார் ஹொண்டா 50ஐயும் எம்டி 90ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சின்னப் போத்தலில் பொக்கிசம் போல வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் 92க்குக் கிட்டவும் வராது. அந்த இஞ்சின்கள் தட்டின, புகைத்தன, கரி பிடித்தன, இருமிக்கொண்டு ஓடின. கெதியாகச் செத்ததும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்குகிற எண்ணம் எங்களுக்கு இல்லை, அது வதை. ஆனால் அந்தத் தலைமுறைக்கு நொக்கிங் என்றால் என்ன என்று காதால் தெரியும். எந்தச் சத்தத்துக்குக் கை தளர்த்த வேண்டும், எந்தச் சத்தத்துக்குக் கியரைக் குறைக்க வேண்டும் என்று தெரியும். அவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு, ஒரு சத்தமும் இல்லாமல் ஓடுகிற பைக்குக்கு முன்கூட்டியே மருந்து வாங்கத் தெரியும்.

அந்த மருந்துக்கு நல்ல பெயர் வைத்து விற்பதும் புதிதில்லை. 1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர் நொக்கிங்கை அடக்க ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அது ஈயம் கலந்த சேர்மம். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த விசயம். அதனால் 1923இல் சந்தைக்கு விட்டபோது ஈயம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'எத்தில்' என்று அழகான ஒரு பெயரை வைத்தார்கள். அடுத்த வருசமே நியூ ஜேர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதை விற்றார்கள். இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது 2002இல்தான். எங்களில் சிலர் பிறந்ததே அந்த நேரத்தில்தான். இன்றைய 95இல் அந்த ஈயம் இல்லை, அதை நஞ்சு என்று நாங்கள் சொல்லவும் இல்லை. ஒக்டேனை விற்கிறவர் தாங்கிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பெயரை மட்டும் காட்டுகிற பழக்கம் நூறு வருசத்துப் பழக்கம் என்று சொல்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 95 பலகையில் 'யூரோ 4' என்றும் எழுதியிருக்கும். 92 பலகையில் அப்படி ஒன்றும் இருக்காது. அது ஒக்டேனைப் பற்றிய எழுத்து இல்லை. எரிபொருளில் கந்தகம் முதலியவை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற தரத்தைப் பற்றியது. கந்தகம் குறைந்தால் புகைக்குழாய்க்குள் இருக்கும் கற்றலிஸ்டுக்கு நல்லது, வீதியில் மூச்சு விடுகிற எல்லாருக்கும் நல்லது. இதை நாங்கள் முழுசாக ஏற்றுக்கொள்கிறோம். ஏற்றுக்கொண்டு கேட்கிறோம்: அப்படியென்றால் ஏன் சுத்தத்தை 95க்குள் மட்டும் கட்டி வைத்து விற்கிறீர்கள்? இந்த நாட்டில் பெருந்தொகையான சனம் பைக்கிலும் ஓட்டோவிலும் அடிப்பது 92. காற்று எல்லாருக்கும் ஒன்று. கொழும்பில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவருக்குச் சுத்தமான எரிபொருள், அதற்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டு போகிற ஓட்டோக்காரருக்கு மற்றது என்றால், அது எரிபொருள் தெரிவு இல்லை, வர்க்கப் பாகுபாடு. 92ஐச் சுத்தமாக்குங்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில், '92 சரியில்லை, நான் 95 அடிக்கிறேன்' என்று தனித்தனியாகத் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் சரியில்லை என்றதும் எல்லாரும் போத்தல் தண்ணீர் வாங்கின மாதிரி. போத்தல் வாங்க வசதி இல்லாதவர் குழாயோடு நின்றுவிட்டார்.

கலப்படமும் இப்படித்தான். மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. அதற்கு முந்தின வாரங்களில் மண்ணெண்ணெய் 87 ரூபா, பெற்றோல் 400 ரூபாவுக்கும் மேல். அந்த இடைவெளி பெற்றோலுக்குள் எதைக் கலக்கச் சொல்லி ஆசை காட்டியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. அடைமழைக்குப் பிறகு நிலத்தடித் தாங்கிக்குள் தண்ணி போவதும் நடக்கிற காரியம். பைக் இழுக்காமல் நின்று நின்று ஓடினால், செட்டில் வாங்கியது தண்ணியா, மண்ணெண்ணெய் கலந்ததா என்று கேட்க வேண்டும். 95 பம்பில் வாங்கினாலும் இதே கேள்விதான். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டால், நல்ல பெற்றோல் கறை விடாமல் போய்விடும். எண்ணெய்க் கறை மிஞ்சினால் சந்தேகப்படுங்கள். கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து வைத்தால் தண்ணி அடியில் தனியாக நிற்கும். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறையிடுங்கள். வெறும் வாயால் சொன்னால் 'உங்கட பைக்கில்தான் பிழை' என்று திருப்பி அனுப்புவார்கள்.

95 யாருக்குத் தேவை என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் இன்னொரு மாமாவாகிவிடுவோம். கையேடு 95 கேட்டால் 95. 390 டியூக் போன்றவை 12 மடங்குக்கும் மேல் அமுக்குகிறவை. அவற்றின் கையேடு 95 என்றே கேட்கிறது. அதற்கு 92 அடித்து மிச்சம் பிடிப்பது பிழையான சிக்கனம். ஆர்15 போல 11ஐத் தாண்டிய இஞ்சின்களும் உண்டு. ஆனால் அமுக்க விகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தண்ணியால் குளிர்விக்கிற இஞ்சின் கூடத் தாங்கும். கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். பழைய பைக்கில் நொக்கிங் சத்தம் வரத் தொடங்கினால் அநேகமாக உள்ளே கரி பிடித்திருக்கும், அல்லது பொறி நேரம் பிசகியிருக்கும், அல்லது பிழையான பிளக் போட்டிருப்பார்கள். 95 அடித்தால் சத்தம் நிற்கலாம். வருத்தம் நிற்காது. ஒருக்கால் தலையைக் கழற்றிக் கரி எடுக்கிற செலவை, மாசாமாசம் பம்பில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். சில கராஜ்களில் கரி எடுக்கச் சொல்வதை விட 95 அடிக்கச் சொல்வது ஏனோ இலகுவாக வருகிறது.

யூடியூப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்கர்கள் தங்கள் பம்பில் 87, 89, 91, 93 என்று எழுதுவார்கள். அவர்கள் அளக்கிற முறை வேறு. இரண்டு விதமான சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களின் சாதாரண 87, எங்கட கணக்கில் 91, 92க்குக் கிட்ட. அவர்களின் 91 எங்கட 95ஐச் சுற்றி வரும். ஆகவே ஒரு வெள்ளைக்காரன் 'என் பைக்குக்கு 91 பிரீமியம் தான்' என்று சொன்னால் அது இங்கே 92 இல்லை. அதேபோல அவன் '87 போதும்' என்று சொன்னால் உங்களுக்கு 92 போதும். கையேட்டில் ஆர்ஓஎன் என்று இருந்தால் அது எங்கட பம்பில் உள்ள இலக்கம். பிஓஎன் அல்லது ஏகேஐ என்று இருந்தால் அமெரிக்க இலக்கம்.

கையேடு, கையேடு என்கிறோம். அந்தக் கையேடு எங்கே? செக்கன்ஹான்ட் வாங்கிய எங்களில் பலரிடம் அது இல்லை. புதிதாக வாங்கியவர்களிடம் இருப்பது ஆங்கிலத்தில். தமிழில் ஒரு கையேட்டையும் நாங்கள் இதுவரை கண்ணால் காணவில்லை. லட்சக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு விற்கிற சாமானுக்கு, அதற்குள் எதை ஊற்ற வேண்டும் என்ற ஒற்றை வரியை வாங்குகிறவரின் மொழியில் எழுதித்தரமாட்டார்கள். மொழிச் சட்டம் பற்றி மேடையில் கதைக்கிறவர்களும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, வீதிப் பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை தேடுவதோடு அவர்களின் வேலை முடிந்துவிடும். அந்த வரி இல்லாத இடத்தில்தான் மாமாவும் சீனியரும் செட்டில் நிற்கிறவரும் வந்து குந்திக்கொள்கிறார்கள். பைக் விற்கிற கம்பனிகளிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. தாங்கியின் மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'ஆகக்குறைந்த ஒக்டேன் இத்தனை', தமிழிலும் சிங்களத்திலும். பெற்றோலின் தரச் சோதனை முடிவுகளை மாதாமாதம் விலையோடு சேர்த்து எல்லா மொழியிலும் வெளியிடச் சொல்லி அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும். விலையை நள்ளிரவில் அறிவிக்க முடிகிறவர்களுக்கு இதுவும் முடியும்.

அதுவரைக்கும், பைக்கின் மாடலையும் வருசத்தையும் போட்டு இணையத்தில் தேடினால் அநேகமானவற்றின் கையேடு கிடைக்கும். எரிபொருள் என்ற தலைப்பில் அரைப் பக்கம்தான் இருக்கும். ஆங்கிலம் மல்லுக்கட்டினால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள், தமிழில் எழுதித் தருகிறோம். எங்கட பட்ச்சில் நாலு பேருக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. நாலிலும் 91 என்றுதான் இருந்தது.